வீட்டுப் போக்கரில் ஜோக்கரைச் சேர்ப்பது எப்படி

குமுளியில் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் மாலை ஐந்து மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருக்கும். அந்த விளக்கும் எந்த நேரத்தில் அணையும் என்று சொல்ல முடியாது. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறி வந்த உறவினர் அன்றிரவு இறங்கிப் போக மனமில்லாமல் தங்கிவிடுவார், பக்கத்து வீட்டுச் சேட்டன் குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார், கட்டன்சாயா அடுப்பில் ஏறும், சீட்டுக்கட்டு அலமாரியிலிருந்து இறங்கும். எந்த ஆட்டம் ஆடுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் சிக்கல். கம்பம், போடிப் பக்கத்து உறவினர்கள் ரம்மியில் ஊறியவர்கள். சேட்டனும் அவருடைய தம்பியும் இருபத்தெட்டு என்னும் கேரளத்துத் துருப்பாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். இரு தரப்புக்கும் சமமாகப் புதிதாக இருக்கட்டும் என்று ஐந்து சீட்டுப் போக்கரைக் கொண்டுவந்தோம். ஜோக்கரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொல்லும்வரை அது எந்தச் சண்டையும் இல்லாமல் நடந்தது.

போக்கரின் அடிப்படை தெரிந்தவர்கள், வீட்டு ஆட்டத்தில் ஜோக்கரை எப்படி முறையாகச் சேர்ப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஜோக்கரைக் கட்டுக்குள் விடுவது ஒரு நொடி வேலை. ஆனால் அது எந்தச் சீட்டாக நிற்கலாம், எதுவாக நிற்கக்கூடாது என்பதை முதல் சீட்டு விழுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லி முடிவு செய்யாவிட்டால், நடுவில் குவிந்ததை யார் எடுப்பது என்ற கேள்வி வரும்போது ஒவ்வொருவரும் தாம் வளர்ந்த ஆட்டத்தின் விதியைக் கையிலெடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

சேட்டன் ஜோக்கரைத் துருப்பாக நினைத்தார். ஸ்பேடு ராஜாவையும் வெல்லும் ஒரு சீட்டு என்பதே அவர் கணக்கு. நாங்கள் சிரித்தோம், ஆனால் வரலாற்றுப்படி பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஜோக்கர் 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் என்னும் ஆட்டத்துக்காக, எல்லாத் துருப்புக்கும் மேலான துருப்பாகத்தான் சீட்டுக்கட்டுக்குள் நுழைந்தது. எந்தச் சீட்டாகவும் மாறக்கூடிய வேடம் அதற்குப் போக்கரில் பிற்பாடு கிடைத்தது. என் மைத்துனரோ சீட்டுப் போட்டு முடித்ததும் கட்டிலிருந்து ஒரு சீட்டை வெட்டித் திருப்பி வைத்தார். ரம்மியில் செய்வதைப்போல அந்த எண்ணுள்ள சீட்டுகள் எல்லாமே ஜோக்கர் என்றார். அன்று வெட்டில் வந்தது ஏழு. அந்தச் சுற்றில் மூன்று பேர் நான்கு ஒரே எண்களைக் காட்டினார்கள். இரண்டு மணி நேரம் ஆடினாலும் ஒருமுறை வராத கை ஒரே சுற்றில் மூவருக்கு வந்ததைப் பார்த்தபோதுதான், ரம்மியின் பழக்கம் இங்கே செல்லாது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

காரணம் எளிது. ரம்மியில் ஒவ்வொருவரும் தத்தம் பதின்மூன்று சீட்டுகளைச் சீர்செய்கிறார்கள். ஜோக்கர் அங்கே ஓர் ஓட்டையை அடைக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு: ஜோக்கர் சேராத வரிசை ஒன்றாவது இல்லாமல் யாரும் ஆட்டத்தை முடிக்க முடியாது. போக்கரில் நம் கை பிறர் கையோடு ஒப்பிடப்படுகிறது. எந்தக் கை அரிதோ அது மேல், எது மலிவோ அது கீழ் என்பதே அந்த ஒப்பீட்டின் அடித்தளம். 52 சீட்டில் எடுக்கக்கூடிய ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஒவ்வொரு வகைக் கையும் எத்தனை முறை வரும் என்பதை வைத்தே மேல்கீழ் வரிசை அமைந்திருக்கிறது. ஜோக்கர் உள்ளே வந்தால் கையிலுள்ள குறை தீர்வதோடு நிற்பதில்லை; எது அரிது என்ற கணக்கே மாறுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும்.

கட்டைத் தயார்செய்தல்

முதலில் புதுக்கட்டு ஒன்று வாங்குங்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டை விளக்கடியில் பிடித்துப் பார்க்கட்டும். இருபத்தெட்டு ஆடும் வீட்டில் ஏழு முதல் ஏஸ் வரையிலான 32 சீட்டுகள் மட்டுமே ஆட்டத்தில் புழங்குகின்றன. அவை எண்ணெயும் அழுக்கும் ஏறி ஓரம் மழுங்கியிருக்கும். இரண்டு முதல் ஆறு வரையிலானவையும் ஜோக்கரும் கடையிலிருந்து வந்த மினுமினுப்போடு இருக்கும். அப்படிப்பட்ட கட்டில் போக்கர் ஆடினால் முதுகைப் பார்த்தே பாதிச் சீட்டைச் சொல்லிவிடலாம், ஜோக்கர் யாரிடம் போயிருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லலாம். ரம்மி ஆடும் வீட்டில் இந்தக் குறை குறைவு, ஏனென்றால் அங்கே ஜோக்கரும் மற்றச் சீட்டுகளோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

பெரும்பாலான கட்டுகளில் இரண்டு ஜோக்கர்கள் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். தொலைந்துபோன ஆர்டின் ஏழுக்குப் பதிலாகப் பேனாவால் எழுதி வைத்த ஜோக்கர் உங்கள் கட்டில் இருந்தால் அந்தக் கட்டு போக்கருக்கு ஆகாது. ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் முகம் தெரியும்படி எண்ணி, 53 சீட்டு இருக்கிறது என்று எல்லோரும் கேட்கச் சொல்லட்டும்.

பந்தயமாகக் கட்டுவதற்கு எதை வைத்துக்கொள்வது என்பதும் தயாரிப்பில் சேர்ந்ததே. நாங்கள் காப்பிக்கொட்டையை ஒன்றாகவும் புளியங்கொட்டையை ஐந்தாகவும் கணக்கில் வைத்துக்கொள்கிறோம். ஏலக்காயை வைக்கலாம் என்று ஒருமுறை சிறுவன் ஒருவன் சொன்னான். புற்றடியில் ஏலம் போகும் விலை தெரிந்த ஊரில் அந்த யோசனைக்கு ஆதரவு கிடைக்கவில்லை. பணம் வைக்காதீர்கள். ரம்மி முக்கியமாகத் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் இறுதியில் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னதைப் பலர் எல்லாச் சீட்டாட்டத்துக்கும் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே தீர்ப்பில் மூன்று சீட்டு ஆட்டம் தனியே பிரித்து, முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்று சொல்லப்பட்டிருக்கிறது. மேலும் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே இருக்கின்றன. எல்லைக்கோடு தெருவிலேயே ஓடும் ஊரில் எந்தப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டு ஆடுவதைவிடக் கொட்டை வைத்து ஆடுவது நிம்மதி.

ஜோக்கருக்கு இரண்டு வேடங்கள்

உலகெங்கும் போக்கர் ஆடுபவர்கள் ஒற்றை ஜோக்கரை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது முழு உரிமை: கையில் வைத்திருப்பவருக்கு எந்தச் சீட்டு மிகவும் பயன்படுமோ அந்தச் சீட்டாக ஜோக்கர் நிற்கும். இரண்டாவது பாதி உரிமை: ஸ்ட்ரெயிட் (ஐந்தும் வரிசை எண்கள்), ஃப்ளஷ் (ஐந்தும் ஆர்டின், ஸ்பேடு போன்ற ஒரே வகை), ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் (இரண்டும் சேர்ந்தது) ஆகியவற்றில் குறையும் ஒரு சீட்டாக ஜோக்கர் நிற்கும், அப்படி எதுவும் அமையாவிட்டால் அது ஓர் ஏஸாக மட்டுமே கணக்கிடப்படும். இந்த இரண்டாவது முறையில் வரும் ஜோக்கரை ஆங்கிலத்தில் ஆடுபவர்கள் பக், அதாவது பூச்சி, என்று சொல்கிறார்கள். நாங்களும் இப்போது பூச்சி என்றே சொல்கிறோம், சேட்டனுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போய்விட்டது.

வேறுபாடு கையில் பார்த்தால்தான் புரியும். இரண்டு ராஜா, ஓர் ஏழு, ஒரு நான்கு, ஜோக்கர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு உரிமையில் இது மூன்று ராஜா. பாதி உரிமையில் இது ஒரு ராஜா ஜோடியும் பக்கத்தில் ஓர் ஏஸும் மட்டுமே. இரண்டு ராஜா, இரண்டு ஐந்து, ஜோக்கர் என்றால் முழு உரிமையில் ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும். பாதி உரிமையில் அது இரண்டு ஜோடியாகவே நிற்கும், ஐந்தாவது சீட்டாக ஏஸ் இருக்கும். இரண்டு ஏஸும் ஜோக்கரும் இருந்தால் இரு முறையிலும் மூன்று ஏஸ்தான். இரண்டு ராணி, ஓர் ஏஸ், ஓர் ஆறு, ஜோக்கர் என்ற கையில் பாதி உரிமை ஜோக்கர் ஏஸோடு சேர்ந்து ஜோடியாகி, ஏஸும் ராணியுமாக இரண்டு ஜோடியைத் தரும். முழு உரிமையில் அதே கை மூன்று ராணியாக மாறும், ஏனென்றால் மூன்று ஒரே எண் இரண்டு ஜோடிக்கு மேல்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ரம்மிக்காரர்கள் எல்லோரும் முழு உரிமை வேண்டும் என்பார்கள். நான் பாதி உரிமையின் பக்கம். என் விருப்பத்துக்குக் காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது, பொறுமையாகப் பாருங்கள்.

முழு உரிமை ஜோக்கர் ஒன்றைச் சேர்த்தால் மொத்தக் கைகள் 28,69,685 ஆகின்றன. அவற்றில் மூன்று ஒரே எண் வரும் கைகள் 1,37,280. இரண்டு ஜோடி வரும் கைகள் 1,23,552. அதாவது, மேலானது என்று நாம் மதிக்கும் மூன்று ஒரே எண், கீழானது என்று நினைக்கும் இரண்டு ஜோடியைவிட மலிவாகிவிட்டது. எப்படி என்றால், கையில் ஒரு ஜோடியும் ஜோக்கரும் இருப்பவர் ஒருபோதும் இரண்டு ஜோடி என்று சொல்லமாட்டார். மூன்று ஒரே எண் என்றே சொல்வார். அப்படிப்பட்ட கைகள் 82,368. இரண்டு ஜோடிக்கு ஜோக்கரால் ஒரு கைகூடக் கூடவில்லை.

சரி, வரிசையை மாற்றி இரண்டு ஜோடியை மேலே வைத்துவிடலாமே என்று என் மைத்துனர் கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் மாற்றிய மறுநிமிடமே அந்த 82,368 கைகளை வைத்திருப்பவர்கள் ஜோக்கரை இன்னொரு சீட்டோடு சேர்த்து இரண்டு ஜோடி என்று அறிவிப்பார்கள். இரண்டு ஜோடிக் கைகள் 2,05,920 ஆகிவிடும், மூன்று ஒரே எண் 54,912-க்கு இறங்கிவிடும். எதை மேலே வைத்தாலும் அது மலிவாகிவிடுகிறது; அரிதானதை மேலே வைக்கும் வரிசை ஒன்றை இங்கே அமைக்கவே முடியாது. கணக்குப் படித்தவர்கள் இதை ஒரு முரண் என்று தனியே ஆராய்ந்திருக்கிறார்கள், நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

பாதி உரிமையில் இந்தக் குழப்பம் இல்லை. மூன்று ஒரே எண் 63,360 கைகள், இரண்டு ஜோடி 1,38,600 கைகள். மேலானது அரிதாகவும் கீழானது மலிவாகவும் இருக்கின்றன, பழைய வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு ஆடலாம். ஜோக்கர் வந்தால் கிடைக்கும் மகிழ்ச்சியும் குறைவதில்லை.

வெட்டு ஜோக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெட்டில் இரண்டு வந்து, நான்கு இரண்டுகளும் முழு உரிமை ஜோக்கராகும்போது, 52 சீட்டில் நான்கு ஒரே எண் கைகள் 31,552 ஆகின்றன. ஃப்ளஷ் 14,472, ஃபுல் ஹவுஸ் 12,672 மட்டுமே. நான்கு ஒரே எண் ஃபுல் ஹவுஸைவிட இரண்டரை மடங்கு மலிவு என்ற ஆட்டத்தில் யாரும் எதையும் நம்பிக் கட்ட முடியாது. சிறுவர்களோடு சிரித்து விளையாட அது போதும்.

முழு உரிமையையே விரும்பும் வீட்டார் அதையும் ஆடலாம், தவறில்லை. வரிசையை மாற்றாமல், இரண்டு ஜோடி இந்த ஆட்டத்தில் தன் தகுதிக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஆடினால் போதும்.

தொடங்குமுன் பேச வேண்டியவை

வேடத்தை முடிவு செய்த பிறகும் சில கேள்விகள் மிச்சமிருக்கும். அவற்றை நாங்கள் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, சீட்டு டப்பாவுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறோம்.

ஐந்து ஒரே எண் வந்தால் என்ன செய்வது என்பது முதல் கேள்வி. முழு உரிமையில் பதின்மூன்று எண்களில் எதுவும் ஐந்தாக வரலாம். பாதி உரிமையில் ஐந்து ஏஸ் மட்டுமே சாத்தியம். வழக்கமாக அது ஸ்ட்ரெயிட் ஃப்ளஷுக்கும் மேலான கையாக மதிக்கப்படுகிறது. எங்கள் வீட்டில் இதுவரை ஒருமுறையும் வந்ததில்லை, ஆனாலும் எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்தது ஃப்ளஷில் ஜோக்கரின் மதிப்பு. இதில்தான் சண்டை அதிகம். ஆர்டினில் ஏஸ், ஜாக்கி, எட்டு, நான்கு ஆகியவற்றோடு ஜோக்கர் இருக்கிறது. ஜோக்கர் இங்கே இன்னொரு ஏஸாக நிற்கலாமா? நிற்கலாம் என்றால் அந்த ஃப்ளஷ் ஜோக்கர் இல்லாத எந்த ஃப்ளஷையும் வென்றுவிடும். பழைய விதிமுறைப்படி, ஃப்ளஷில் ஜோக்கர் அந்த வகையில் கையில் இல்லாத சீட்டுகளில் மிக உயர்ந்ததாக நிற்கும். ஆகவே மேற்சொன்ன கையில் அது ராஜா. எதிரில் ஒருவர் ஸ்பேடில் ஏஸ், ராஜா, பத்து, ஒன்பது, இரண்டு காட்டினால், ஏஸும் ராஜாவும் சமமாகிப்போக, ஜாக்கி பத்தை வென்று ஆர்டின்காரர் எடுப்பார். அதே ஸ்பேடுக்காரரிடம் பத்துக்குப் பதில் ராணி இருந்தால் அவரே எடுப்பார். இரட்டை ஏஸை அனுமதித்திருந்தால் இரண்டு தடவையும் ஜோக்கர்க்காரரே வென்றிருப்பார். ஒரே வகையில் இரண்டு ஏஸ் என்பது என் கண்ணுக்கு உறுத்துகிறது. பழைய முறையே நல்லது.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருவர் ஜோக்கர் இல்லாமல் எட்டு உயர்ந்த ஸ்ட்ரெயிட் காட்டுகிறார், இன்னொருவர் ஜோக்கரோடு அதே ஸ்ட்ரெயிட்டைக் காட்டுகிறார். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், அல்லது ஜோக்கர் இல்லாத கைக்கே முழுவதும் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் சொன்னதே பொதுவாக நடப்பில் உள்ளது. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டாவதை வைத்திருக்கிறோம். ஜோக்கர் இல்லாத வரிசைக்குத் தனி மரியாதை தரும் ரம்மிக்காரர்களுக்கு அது நியாயமாகப் படுகிறது.

கடைசியாக, அறிவிப்பு. ஜோக்கரை என்னவாக வைத்திருக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டுமா, அல்லது மேசையில் விரித்த சீட்டே பேசுமா? சீட்டே பேசட்டும் என்பதே சரி. காட்டியவர் பதற்றத்தில் தவறாகச் சொன்னாலும், அந்த ஐந்து சீட்டில் விதிப்படி அமையக்கூடிய மிக உயர்ந்த கையே அவருடைய கை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதோடு ஜோக்கரை வைத்திருப்பவர் ‘ஐந்து’ என்று சொல்லிவிட்டாலும் அது பத்து உயர்ந்த ஸ்ட்ரெயிட்தான். வயதானவர்களும் புதிதாகக் கற்பவர்களும் உட்காரும் வீட்டு மேசையில், வாய் தவறியதற்காக ஒருவரைத் தோற்கடித்து என்ன ஆகப்போகிறது?

ஆடும் முறை

ஒற்றை ஜோக்கருக்கு மிகப் பொருத்தமான ஆட்டம், ஐந்து சீட்டுப் போட்டு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் பழைய போக்கர். எல்லோரும் முதலில் ஒரு காப்பிக்கொட்டையை நடுவில் வைக்கிறார்கள். சீட்டுப் போடுபவர் கலைத்து, வலப்பக்கத்தவர் வெட்டியபின், ஒவ்வொன்றாக ஐந்து சீட்டுப் போடுகிறார். ஒரு சுற்றுக் கட்டியதும் வேண்டாத சீட்டுகளை, மூன்றுக்கு மிகாமல், கவிழ்த்து வைத்துப் புதியவற்றை வாங்கிக்கொள்கிறார்கள். மறுபடியும் ஒரு சுற்றுக் கட்டி, இறுதியில் காட்டுகிறார்கள். ஆறு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஆறு பேருக்கு 30 சீட்டுப் போனபின் 23 மிஞ்சும், எல்லோரும் மூன்று மாற்றினாலும் 18 போதும். ஏழு பேர் என்றால் 18 மட்டுமே மிஞ்சும், தேவையோ 21 வரை போகலாம்.

சீட்டுப் போடும்போது ஜோக்கர் தவறி முகம் காட்டிவிட்டால் தயங்காமல் எல்லாச் சீட்டையும் திரும்ப வாங்கிக் கலைத்துப் போடுங்கள். மற்ற சீட்டு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஜோக்கர் யாரிடம் என்பது வெளியே தெரிந்தபின் அந்தச் சுற்றில் ஆட்டமே இல்லை.

ஆறு பேர் ஆடும்போது முதல் ஐந்து சீட்டிலேயே ஜோக்கர் யாரோ ஒருவரிடம் போயிருக்க 53-இல் 30 வாய்ப்பு, அதாவது பாதிக்கும் மேல். உங்களிடம் வந்திருக்க 53-இல் 5 மட்டுமே. ஆகவே உங்கள் கையில் ஜோக்கர் இல்லாதபோது, அது எதிரில் எங்கோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கட்டுவதே விவேகம். குறிப்பாக, ஒரே ஒரு சீட்டை மட்டும் மாற்றுபவரைக் கவனியுங்கள்.

அந்த ஒற்றைச் சீட்டு மாற்றத்தில்தான் ஜோக்கரின் உண்மையான பலம் தெரிகிறது. ரம்மிக்காரர்கள் இதை முதலில் கண்டுகொள்வதில்லை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வெவ்வேறு வகையில் நான்கு சீட்டு வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றினால், நான்கு ஐந்துகளும் நான்கு பத்துகளும் ஜோக்கருமாக, நீங்கள் காணாத 48 சீட்டில் 9 உங்களுக்கு உதவும். அதே இடத்தில் ஆறு, ஏழு, எட்டோடு ஜோக்கரை வைத்திருந்தால் நான்கு, ஐந்து, ஒன்பது, பத்து என்ற நான்கு எண்களில் எது வந்தாலும் ஸ்ட்ரெயிட். 48-இல் 16, மூன்றில் ஒரு பங்கு. அந்த ஆறும் ஏழும் எட்டும் ஒரே வகையாக, ஆர்டினாகவே, இருந்து, கழித்த சீட்டு உங்களுக்கு உதவக்கூடியவற்றில் ஒன்றாக இல்லாவிட்டால், ஃப்ளஷுக்கு உதவும் வேறு ஆறு ஆர்டின்களும் சேர்ந்து 22 சீட்டு உதவும். ஏறக்குறைய இரண்டில் ஒன்று. பாதி உரிமை ஜோக்கரைப் பலமில்லாதது என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும்.

மாறாக, ஜோக்கரோடு நான்கு உதிரிச் சீட்டுகள் வந்திருந்தால் அதிகம் ஆசைப்படக் கூடாது. பாதி உரிமையில் ஏஸ் ஒன்று இருந்தால் அதையும் ஜோக்கரையும் ஏஸ் ஜோடியாக வைத்துக்கொண்டு மூன்றை மாற்றலாம். முழு உரிமையில் இருப்பதில் உயர்ந்த சீட்டை ஜோக்கரோடு வைத்துக்கொள்ளலாம், அது எப்படியும் ஒரு ஜோடி. முழு உரிமை ஜோக்கர் உள்ள கை ஒரு ஜோடிக்குக் கீழே இறங்காது. ஆனால் ஒரு ஜோடியை நம்பிப் புளியங்கொட்டைகளைக் குவித்தவர்கள் எங்கள் மேசையில் இரவு முடியும்போது காப்பிக்கொட்டை கடன் கேட்டிருக்கிறார்கள்.

வேறு ஆட்டங்களில்

ஏழு சீட்டு ஆட்டத்திலும் ஜோக்கரைச் சேர்க்கலாம். ஒருவருக்கு அது வர 53-இல் 7 வாய்ப்பு என்பதால் கைகள் இன்னும் பெரிதாக வரும். நடுவில் பொதுச்சீட்டு வைத்து ஆடும் ஹோல்டம் வகைக்கு ஜோக்கர் பொருந்தாது என்பது என் கருத்து. ஐந்து பொதுச்சீட்டில் ஜோக்கர் வந்துவிட்டால் அது எல்லோருக்கும் சொந்தம், யாருக்கும் பயனில்லை. ஆடியே தீர வேண்டும் என்றால், நடுவில் ஜோக்கர் விழுந்தால் அதை ஒதுக்கி அடுத்த சீட்டைத் திருப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த கை வெல்லும் ஆட்டத்தில் ஜோக்கர் உங்கள் கையில் இல்லாத மிகத் தாழ்ந்த எண்ணாக நிற்கும், அங்கே ஏஸ்தான் கீழ்ச்சீட்டு.

இரண்டு ஜோக்கர்களையும் சேர்க்கலாமா என்று ஓணம் விடுமுறைக்கு வரும் இளைஞர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஒன்றோடு பழகிய பிறகு வேண்டுமானால் பாருங்கள், பாதி உரிமையில் மட்டும்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. சில நாட்களில் ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடியபின், இன்று யாருக்கும் ஜோக்கரே வரவில்லையே என்று ஒருவர் சொல்ல, டப்பாவைத் திறந்து பார்த்தால் இரண்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அப்படி நேர்ந்தால் முடிந்துபோன சுற்றுகள் முடிந்தவையாகவே நிற்கும், கட்டியதை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் சுற்று மட்டும் செல்லாது, அதில் வைத்ததை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும், ஜோக்கரைச் சேர்த்து 53 என்று மறுபடி எண்ணிவிட்டு அதே ஆளே சீட்டுப் போட வேண்டும். தொடக்கத்தில் எண்ணியவர் அடுத்த கட்டன்சாயாவுக்கு எழுந்து போவது எங்கள் வீட்டு வழக்கம்.